காசு ஒன்றுதான், அரங்கு வேறு வேறு: சென்னையில் எங்கே, எந்த இருக்கையில் படம் பார்ப்பது?

தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் உயர்த்திய கணக்குப்படி மல்டிபிளெக்ஸில் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 177. உள்ளாட்சி கேளிக்கை வரியும் ஏறினால் தமிழ்ப் படத்துக்கு 180-லிருந்து 190-க்குள் வந்து நிற்கும். வேற்றுமொழிப் படத்துக்கு அந்த வரி கூடுதல் என்பதால் இன்னும் கொஞ்சம் ஏறும். பெங்களூரிலும் மும்பையிலும் வார இறுதி வந்தால் அதே இருக்கை இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்த வரம்பினால் கிடைத்திருக்கும் இன்னொரு வசதியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. லேசர் புரொஜெக்டரும் அட்மாஸ் என்ற சுற்றொலி முறையும் நன்றாக ஓடும் அரங்குக்கும், விளக்கு மங்கிப்போய் பின்பக்க ஸ்பீக்கர் பாதி செத்துப்போன அரங்குக்கும் நாம் கொடுக்கும் காசு கிட்டத்தட்ட ஒன்றுதான். அரங்கைத் தேர்ந்தெடுத்துப் போவதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது.

தேர்ந்தெடுக்காமல் போவதற்குத்தான் விலை உண்டு. “வசனமே புரியல”, “படம் பூரா ஒரே இருட்டு” என்று படம் விட்டு வெளியே வரும்போது கேட்கும் இரண்டு புகார்களும் இயக்குநர், ஒளிப்பதிவாளர் தலையில்தான் விழுகின்றன. பல நேரங்களில் அவை அரங்கின் குறைகள். எது யாருடைய குறை என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கலாம்.

வெளிச்சத்தில் தொடங்குவோம்

டிஜிட்டல் திரையிடலுக்கு டிசிஐ என்ற உலகத் தர விதி இருக்கிறது. 2டி படத்துக்குத் திரையின் நடுவில் வெள்ளை நிறத்தின் வெளிச்சம் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். டிவிக்காரர்கள் சொல்லும் அளவில் 48 நிட். வீட்டு டிவி சாதாரணமாகவே 300 நிட் தரும். ஆனால் அரங்கு முழு இருட்டாக இருப்பதால் 48 போதும். அது 48-ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 25-க்கு இறங்கினால் இரவுக் காட்சிகளில் முகம் தெரியாது, கறுப்புச் சட்டைக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் வித்தியாசம் இருக்காது.

ஏன் இறங்குகிறது? பழைய புரொஜெக்டர்களில் இருப்பது ஜெனான் விளக்கு. 3 கிலோவாட், 4 கிலோவாட், பெரிய அரங்கென்றால் 6 கிலோவாட். வாட் கூடக் கூட ஆயுள் குறையும். சின்ன விளக்கு 2,000 மணி நேரம் தாங்கினால் பெரியது 500, 600-இலேயே மாற்ற வேண்டியதாகிவிடும். ஓட ஓட உள்கண்ணாடி கறுத்து, ஆயுளின் கடைசியில் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து காட்சி, காட்சிக்கு மூன்று மணி நேரம் என்றால் 15 மணி நேரம். 1,000 மணி நேர விளக்கு இரண்டு மாதம் சில நாளில் தீர்ந்துபோகும். விலை அதிகம் என்பதால் சில உரிமையாளர்கள் கெடு தாண்டியும் ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் புது விளக்கையே குறைந்த கரண்டில் வைத்து ஆயுளை நீட்டப் பார்க்கிறார்கள். இரண்டிலும் நஷ்டம் பார்வையாளருக்கு.

லேசர் வந்த பிறகு இந்தத் தலைவலி பெருமளவு போய்விட்டது. 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும், மங்குவதும் மெதுவாகத்தான். லேசரிலும் இரண்டு ஜாதி உண்டு. நீல லேசரைப் பாஸ்பரில் பாய்ச்சி மற்ற நிறங்களை எடுப்பது ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் நிறம் ஆழமாக வரும், விலையும் அதிகம். விளம்பரத்தில் இரண்டையும் ‘லேசர்’ என்றே போடுகிறார்கள். ரத்தச் சிவப்பும் கிளிப்பச்சையும் வரும் பாட்டுக் காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். படம் தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழ் பத்து விநாடி வரும். வெள்ளைக் காகிதம், சின்ன எழுத்து. இதைவிட நல்ல சோதனைப் படம் கிடைக்காது. காகிதம் வெள்ளையாகத் தெரிகிறதா, இல்லை மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கிறதா? நடுவில் பளிச்சென்றும் மூலையில் மங்கியும் இருக்கிறதா? அப்படியென்றால் விளக்கு நேராக உட்காரவில்லை, அல்லது அது 3டிக்காகப் போட்ட ‘வெள்ளித்திரை’. எழுத்தின் ஓரம் கூராக இருக்கிறதா, அதுவும் நான்கு மூலையிலும்? ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் லென்ஸும் திரையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. கட்டம் மேலே குறுகிக் கீழே அகன்று தெரிந்தால் ஆபரேட்டர் அறை திரைக்கு மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய முடியாது, அடுத்த முறை வேறு அரங்குதான்.

வெள்ளித்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போலரைஸ்டு கண்ணாடியோடு 3டி காட்டும் அரங்குகளில் உலோகப் பூச்சு பூசிய திரை போட்டிருப்பார்கள். 3டிக்கு அது அவசியம். ஆனால் ஆண்டு முழுக்க அங்கே ஓடுவது 2டி படங்கள். அந்தத் திரையில் வெளிச்சம் நேர் எதிரே இருப்பவருக்கு அதிகமாகவும் ஓரத்தில் இருப்பவருக்குக் குறைவாகவும் போகும். இடது கோடி இருக்கையில் உட்கார்ந்தால் வலது பாதி இருண்டு கிடக்கும். இப்படிப்பட்ட அரங்கில் நடு எட்டு இருக்கைக்குள் கிடைக்காவிட்டால் டிக்கெட் எடுக்கவே வேண்டாம்.

இதையும் மிஞ்சும் தவறு ஒன்று உண்டு. 3டி காட்சி முடிந்த பின் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை விலக்காமல் அடுத்து 2டி படத்தைப் போட்டுவிடுவது. பாதிக்கு மேல் வெளிச்சம் அங்கேயே போய்விடும். அதே திரையில் சற்று முன் 3டி காட்சி ஓடியிருந்து, நம் படம் சந்தேகப்படும் அளவுக்கு இருட்டாக இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

3டி படத்தில் நிலைமை இன்னும் மோசம். ஃபில்டரும் கண்ணாடியும் சேர்ந்து குடித்துவிட்ட பிறகு கண்ணுக்கு வந்து சேர்வது 4.5 ஃபுட் லாம்பர்ட் அளவுதான், அதுவும் ஒழுங்காகப் பராமரிக்கும் அரங்கில். கண்ணாடிக்குத் தனிக் காசு வேறு. 2டியில் எடுத்துவிட்டுப் பின்னால் 3டிக்கு மாற்றிய படத்துக்கு அந்தக் காசைக் கொடுப்பதில் நியாயமே இல்லை. 3டிக்காகவே எடுத்த படம், லேசர் அரங்கு, இரண்டும் சேர்ந்தால் மட்டும் போகலாம். கைக்குட்டையில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்திருந்தால் தயங்காமல் வாசலிலேயே மாற்றிக் கேளுங்கள்.

திரையின் வடிவம்

நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்: உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.39 பங்கு. மற்றது ஃபிளாட், 1.85 பங்கு. பழைய பெரிய அரங்குகள் ஸ்கோப்புக்காகவே கட்டப்பட்டவை. ஃபிளாட் படம் வந்தால் இரு பக்கமும் கறுப்புத் திரைச்சீலை உள்ளே நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூடும். ஸ்கோப் படத்துக்கு அது விலகும்போது திரை விரிந்துகொண்டே போகும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை. மால்களில் கட்டிய பல அரங்குகளில் திரை ஃபிளாட் வடிவத்தில் இருக்கிறது. அங்கே ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் பட்டை விழும். அந்தப் பட்டையை மறைக்கச் சீலை இல்லையென்றால், டிஜிட்டல் புரொஜெக்டரின் ‘கறுப்பு’ சாம்பல் நிறத்தில் கண்ணை உறுத்தும். பிரம்மாண்டமான படம் அங்கே சின்னதாகத்தான் தெரியும். பெரிய திரைக்காக எடுத்த ஸ்கோப் படத்தை ஃபிளாட் திரையில் பார்ப்பது ஒரு ஏமாற்றம்தான்.

சில இடங்களில் பட்டையைத் தவிர்க்கப் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். கீழே ஓடும் ஆங்கில சப்டைட்டிலின் இரண்டாவது வரி திரைக்கு வெளியே விழுந்தாலோ, தொடக்க எழுத்துகளில் பெயர்கள் ஓரத்தில் நறுக்கப்பட்டாலோ இதுதான் காரணம். புரொஜெக்டரில் படத்தின் வடிவத்துக்கென்று முன்பே பதிந்துவைத்த அமைப்பில் (ப்ரீசெட்) தவறானது தேர்வாகியிருக்கும். சொன்னால் ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம்.

சத்தம்: அதிகம் ஏமாறுவது இங்கேதான்

ஒலிக் கலவை செய்யும் ஸ்டுடியோவிலும் அரங்கிலும் டால்பி புராசஸரில் ஒலியளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும், அதுதான் ஃபேடர். ஃபேடர் 7 என்பது தர அளவு. சோதனை ஒலி போட்டால் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தர வேண்டும் என்று அளந்து வைத்த இடம். கலவை செய்தவர் 7-இல் கேட்டுத்தான் வசனத்தையும் பின்னணி இசையையும் எடைபோட்டிருப்பார். அரங்குகளில் ஓடுவதோ பெரும்பாலும் 4.5, 5, தாராளம் என்றால் 5.5. ஒரு புள்ளி இறங்கினால் 3.3 டெசிபல் போய்விடும். 7-லிருந்து 5-க்கு வந்தால் ஏறக்குறைய 6.7 டெசிபல். 4-க்குக் கீழே போனால் சரிவு இன்னும் செங்குத்தாகிவிடும்.

இப்படி இறக்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் முழுப் பொய் அல்ல. விளம்பரங்களும் டிரெய்லர்களும் காது கிழியும் அளவில் வருகின்றன; அதற்காக இறக்கிவிட்டுப் படத்துக்கு ஏற்ற மறந்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் கிழிந்தால் செலவு என்ற பயமும் இருக்கிறது. படமே அளவு மீறிக் கத்துவதும் உண்டு. 2024 நவம்பரில் பெரும் செலவில் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு, சத்தம் தாங்கவில்லை என்ற புகார் எழுந்து, தயாரிப்பாளரே அரங்குகளிடம் இரண்டு புள்ளி குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் குறைத்தால் முதலில் அடிபடுவது வசனம்தான். இசையும் வெடியும் ஏற்கெனவே உரக்க இருப்பதால் குறைந்தாலும் கேட்கும். கிசுகிசுப்பாகச் சொன்ன வரி ஏசி இரைச்சலில் மூழ்கிவிடும். தாழ்ந்த ஒலியில் அடித்தொனி (பேஸ்) நம் காதுக்கு இன்னும் மெலிந்து கேட்பதால் குரல்கள் தகரம் போல ஆகும். “பாட்டு மட்டும் சத்தமா இருக்கு, பேசறது புரியல” என்ற குறை அங்கிருந்து பிறக்கிறது.

வசனம் வர வேண்டிய இடம் திரையின் நடுவுக்குப் பின்னால் இருக்கும் சென்டர் ஸ்பீக்கர். அதில் கீச்சொலிகளைத் தரும் பகுதி (உயர் அதிர்வெண் டிரைவர்) மட்டும் பழுதானால் சத்தம் இருக்கும், ஆனால் ச, ஸ, ஷ எழுத்துகள் மழுங்கிப்போகும். எல்லோரும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். எழுத்துகள் மழுங்கினால் ஸ்பீக்கர் பழுது. எழுத்துகள் தெளிவாக இருந்தும் இசைக்கு அடியில் புதைந்தால் கலவையின் குறை. எல்லாமே சேர்ந்து மெலிந்திருந்தால் ஃபேடர். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் புகாருக்கு மதிப்பு வரும்.

பக்கவாட்டு ஸ்பீக்கர்களைச் சோதிக்க மழைக் காட்சி வந்தால் போதும். மழை நம்மைச் சுற்றி ஒரே சீராகப் பெய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டை விழுந்தது போல இருந்தால் அங்கே ஒரு ஆம்ப்ளிஃபயர் சானல் போயிருக்கிறது. அடித்தொனி வரும்போது ஏசி கிரில், பொய்க்கூரை, வெளியேறும் கதவு இவை கடகடவென்று ஆடினால் அது பராமரிப்பின் குறை. திருகை இறுக்கினால் தீர்ந்துவிடும் வேலை. பக்கத்துத் திரையின் சண்டைக் காட்சி நம் அரங்கின் அமைதிக்குள் குடும் குடும் என்று நுழைந்தால் சுவர் கட்டிய விதமே தவறு, அதற்கு மருந்தில்லை.

அட்மாஸ் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் போய்விடாதீர்கள். அது 128 ஒலித்தடங்கள் வரை ஏற்று, 64 தனித்தனி ஸ்பீக்கர் வழிகளுக்குப் பிரித்து அனுப்பும் முறை. கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும். 2012-இலேயே தமிழ்ப் படம் அட்மாஸில் வந்துவிட்டது. ஆனால் மூன்று கதவும் திறந்தால்தான் அது நம்மை வந்தடையும். அரங்கில் கருவி இருக்க வேண்டும், படம் அட்மாஸில் கலவை செய்யப்பட்டிருக்க வேண்டும், அரங்குக்கு வந்த பிரதியில் அட்மாஸ் தடம் இருந்து அதையே ஓட்டவும் வேண்டும். அட்மாஸ் அரங்கில் கூரை ஒலி இல்லாத பழைய 5.1 முறையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். முன்பதிவுப் பக்கத்தில் அந்தக் குறிப்பிட்ட காட்சி நேரத்துக்குக் கீழே அட்மாஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த இருக்கை?

“கடைசி வரிசை கார்னர்” என்பது படம் பார்க்க வருகிறவர் கேட்கும் இருக்கை அல்ல. கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே இருக்கும், சுவரோரம் என்பதால் அடித்தொனி வீங்கிப்போய்க் கேட்கும். பால்கனி உள்ள அரங்கில் அதன் அடியில் உட்கார்ந்தால் கூரை ஸ்பீக்கர்கள் நமக்கு இல்லை. ஒலியை அளந்து சரிசெய்கிறவர்கள் பொதுவாக மைக் வைப்பது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில். நமக்கும் அதுதான் இடம்.

படத்துக்கான கணக்கு வேறு: திரை அகலத்தைப் போல் 1.2 முதல் 1.5 மடங்கு தூரம். 1.5 மடங்கில் திரை கண்ணுக்குள் 36 டிகிரியை நிரப்பும்; அதற்கும் பின்னால் போகப் போக டிவி பார்ப்பது போல ஆகிவிடும். 1.2-இல் 45 டிகிரி, அது இன்னும் உள்ளிழுக்கும். திரை 50 அடி என்று வையுங்கள். முதல் வரிசை 15 அடி தள்ளி இருக்கிறது, வரிசைக்கு வரிசை 4 அடி. 60 அடி தூரம் வேண்டுமென்றால் பன்னிரண்டாவது வரிசை வாக்கில். சாய்வு இருக்கை போட்ட அரங்கில் வரிசைக்கு ஆறு, ஏழு அடி போய்விடும், அங்கே ஏழாவது எட்டாவது வரிசை. முன்பதிவு வரைபடத்தில் ‘ஏ’ என்ற எழுத்து சில அரங்குகளில் திரைக்கு அருகிலும் சிலவற்றில் கடைசியிலும் இருக்கும். எழுத்தை நம்பாமல் திரை எந்தப் பக்கம் என்று காட்டும் கோட்டைப் பார்த்து எண்ணுங்கள்.

முன்வரிசை இரண்டுக்கும் 60 ரூபாய்ச் சுற்றில் டிக்கெட் விற்கும் மல்டிபிளெக்ஸ்கள் இன்னும் சென்னையில் இருக்கின்றன. 2025 செப்டம்பரிலிருந்து 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மாணவர்களுக்கு அது பெரிய உதவி. கழுத்து வலிக்கும், படம் கோணலாகத் தெரியும், ஆனால் சின்னத் திரையுள்ள அரங்கில் இரண்டாவது வரிசை நடு அவ்வளவு மோசமில்லை.

சாய்வு இருக்கைகளைப் பற்றி எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள். இந்த மதிப்பீட்டில் அவற்றுக்கு மதிப்பெண் குறைவு. உயர்ந்த தலையணை இரு காதையும் மூடி, பக்கத்து ஸ்பீக்கர் ஒலியைத் தடுக்கிறது. சாய்ந்து படுத்தால் முன்வரிசைக்காரரின் கால்விரல் சப்டைட்டிலை மறைக்கிறது. இருக்கை பெரிதானதால் அரங்கில் ஆள் குறைவு. திரையோ பெரும்பாலும் அந்த வளாகத்திலேயே சின்னது. இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நல்லது. படத்துக்காகப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

எங்கே போகலாம்

ராயப்பேட்டை சத்யம் வளாகம் 1974-லிருந்து இருக்கிறது. 2018-இல் பிவிஆர் கைக்குப் போனது. ஆறு திரைகளில் வளாகத்தின் பெயரையே தாங்கிய பெரிய அரங்குதான் அங்கே முதல் தேர்வு. அதே படம் அதே நாளில் அங்கேயே சின்னத் திரைகளிலும் ஓடும், விலையும் ஏறக்குறைய அதே. நேரம் பார்த்து டிக்கெட் எடுக்கிறவர்கள் சின்னத் திரையில் போய் உட்காருகிறார்கள். முதலில் திரையின் பெயர், பிறகு நேரம்: சென்னையின் எந்த வளாகத்துக்கும் இந்த வரிசையில்தான் தேட வேண்டும். பாப்கார்ன் மேல் மசாலாப் பொடியை நாமே தூவிக்கொள்ளும் வழக்கத்தை ஊருக்குப் பழக்கியதும் இந்த வளாகம்தான். அந்தப் பழக்கத்துக்காகவே திரும்ப வருகிறவர்கள் உண்டு.

அண்ணா சாலை தேவி, 1970. அங்கே தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டில்லாமல் சாய்தளத்தில் நடந்தே ஏறலாம். முதியவர்களை அழைத்துப்போக இது ஒரு காரணம். மால் அரங்குகளில் மட்டும் படம் பார்த்து வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது இப்படியொரு பெரிய கூடத்தில், கூட்டத்தோடு பார்க்க வேண்டும். கூரை உயரமும் இருக்கைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து கைதட்டலுக்கே வேறு ஒலியைக் கொடுக்கின்றன. பக்கத்தில் 1961-லிருந்து இருந்த சாந்தி போய்விட்டது. அசோக் நகரில் 1983-இல் வந்த உதயம் 2024-இல் மூடப்பட்டது. இருப்பவற்றுக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐமேக்ஸ் என்றால் வடபழனி பலாஸோவும் வேளச்சேரி லக்ஸும். இவை டிஜிட்டல் ஐமேக்ஸ், திரை வடிவம் 1.90. இங்கே காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அந்தப் படத்தில் ஐமேக்ஸுக்கென்று உயரம் கூட்டிய காட்சிகள் உண்டா என்பதுதான். உண்டென்றால் தயங்காமல் போங்கள், வேறெங்கும் கிடைக்காத படம் அது. பல தமிழ்ப் படங்கள் ஐமேக்ஸில் வந்தாலும் ஸ்கோப்பாகவே இருக்கும். மேலும் கீழும் பட்டையோடு ஓடும். அப்போது நல்ல ஸ்கோப் திரையும் அட்மாஸும் உள்ள அரங்கே மேல். ஐமேக்ஸில் வரிசைகள் திரைக்கு நெருக்கமாக அமைந்திருப்பதால், பின்பாதியில் மூன்று நான்கு வரிசைக்குள் நடுவில் உட்காருங்கள்.

ஊர் எல்லை தாண்டத் தயார் என்றால் ஆந்திராவின் சூளூர்பேட்டை. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 2019-இல் திறந்த வி எபிக் அரங்கின் திரை அகலம் ஏறக்குறைய 100 அடி. எபிக் என்பது சென்னையின் க்யூப் நிறுவனம் உருவாக்கிய பெருந்திரை வகை. புறநகர் மின்ரயில் சூளூர்பேட்டை வரை போகிறது, பகல் காட்சிக்கு அது வசதி. இரவுக் காட்சி என்றால் திரும்பி வர ரயிலை நம்பாமல் வண்டியில் போவதே நல்லது. எந்த மொழிப் பிரதி என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். தமிழ்ப் படத்தின் தெலுங்குப் பிரதியும் அதே பெயரில் ஓடும். கோவைக்காரர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். பிராட்வே வளாகத்தில் லேசர் ஐமேக்ஸும் எபிக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்த விஷயத்தில் கோவை சென்னையை முந்திவிட்டது.

எப்போது

முதல் நாள் முதல் காட்சி ஒரு திருவிழா. திருவிழாவுக்குப் போகிறவர்கள் போகட்டும், ஆனால் அன்றைக்கு வசனம் கேட்காது. அதிகாலைக் காட்சிகளுக்கு இப்போது அனுமதியில்லை, சிறப்புக் காட்சி என்றாலும் காலை 9 மணிக்குத்தான் தொடக்கம். அதுவும் சில நேரம் தாமதமாகும். படத்தின் பிரதி பூட்டிய நிலையில் முன்கூட்டியே வந்துவிடும். அதைத் திறக்கும் சாவிக் கோப்பு, அரங்கின் ஒவ்வொரு சர்வருக்கும் தனியாக, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டும் செல்லும்படி வரும். பணம் பட்டுவாடா இழுத்தாலோ சாவி தவறான சர்வருக்கு வந்தாலோ, வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருக்க உள்ளே திரை கறுப்பாகவே கிடக்கும்.

கவனமாகப் பார்க்க விரும்புகிறவருக்குச் சரியான நாள், முதல் வாரத்தின் திங்கள் முதல் வியாழன் வரை. கூட்டம் அடங்கியிருக்கும், படம் இன்னும் பெரிய திரையில் இருக்கும், ஒலியளவைப் பற்றிய புகார்கள் வந்து ஓரளவு சரிசெய்திருப்பார்கள். “ரெண்டாவது வாரம் நிதானமா பாத்துக்கலாம்” என்று விட்டால் வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்து பழையதைக் கடைசிச் சின்னத் திரைக்குத் தள்ளிவிடும். நல்ல படங்கள் பலருக்கு மோசமாகத் தெரிவது அந்தச் சின்னத் திரையில்தான்.

முன்பதிவுச் செயலியில் டிக்கெட்டுக்கு 30 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும், அதாவது 35 ரூபாய் 40 காசு வாக்கில் கூடுதலாகப் போகும். நான்கு பேர் குடும்பத்துக்கு 140 ரூபாய்க்கு மேல். வார நாளில் கவுன்டரில் எடுத்தால் அது மிச்சம். ‘ஏ’ சான்றிதழ் படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழ் பெற்றோருடன் வந்தாலும் அனுமதியில்லை, டிக்கெட் எடுத்தபின் வாசலில் வாதாடிப் பயனில்லை. வெளி உணவைத் தடுக்க அரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதே தீர்ப்பில் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள், கழிப்பறைப் பக்கம் கண்ணில் படாத மூலையில் வைத்திருப்பார்கள்.

ஆங்கிலப் படத்துக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அவை இடைவேளையை நினைத்து எடுத்தவை அல்ல. ஆபரேட்டர் சர்வரில் ஒரு நேரத்தைக் குறித்துவைப்பார். அங்கே ஒருவர் பாதி வாக்கியம் பேசிக்கொண்டிருந்தாலும் படம் நின்றுவிடும். காட்சி மாறும் இடத்தைத் தேடிக் குறிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடும் அரங்கைக் கண்டால் அங்கேயே தொடர்ந்து போங்கள். படத்தை மதிக்கிறவர் யாரோ அங்கே வேலை பார்க்கிறார்.

புகார் சொல்வது எப்படி

இன்றைய மல்டிபிளெக்ஸில் ஆபரேட்டர் அறையில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. கணினி நேரப்படி விளக்கை அணைக்கும், படத்தைத் தொடங்கும். நாம் எழுந்து போய்ச் சொல்லாவிட்டால் இரவுக் காட்சி வரை அந்தக் குறை யாருக்கும் தெரியாது. டார்ச் பிடித்து நிற்கும் பையனிடம் “சவுண்ட் சரியில்லை” என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். திரை எண், இருக்கை எண் சொல்லி, குறையைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: “வலது பக்கச் சரவுண்ட் (பக்கவாட்டு ஸ்பீக்கர்) வேலை செய்யவில்லை”, “3டி ஃபில்டர் முன்னாலேயே இருக்கிறது”, “சப்டைட்டில் கீழே வெட்டுப்படுகிறது”, “ஃபேடர் எத்தனையில் இருக்கிறது? அரைப் புள்ளி ஏற்ற முடியுமா?” அந்தக் கேள்விக்கு அவர் எண்ணைச் சொன்னால் நல்ல அரங்கு.

முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். ஃபேடர், ஃபில்டர், ப்ரீசெட் மூன்றும் படம் ஓடும்போதே மாற்றக்கூடியவை. ஆம்ப்ளிஃபயர் சானல் போயிருந்தால் இடைவேளையில் மாற்றுச் சானலுக்குத் திருப்பலாம், அதற்கு அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். விளக்கு மங்கல் அன்றைக்குத் தீராது. வேறு திரையில் அடுத்த காட்சிக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். படம் முடிந்த பிறகு கேட்டால் எதுவும் கிடைக்காது, இடைவேளைக்கு முன் கேட்டால் பல மேனேஜர்கள் மாற்றித் தருகிறார்கள். டிக்கெட் கிழித்த துண்டையோ போனில் வந்த குறுஞ்செய்தியையோ அதுவரை அழித்துவிடாதீர்கள்.